சம்பளச் சீட்டில் நன்னடத்தை தேடுகிறவர்களுக்கு

சுவிஸ் குடியுரிமைக்கான வருமான நிபந்தனையை இன்னும் இறுக்க வேண்டும் என்று நம்மவர் ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதியவர் வலதுசாரிச் சுவிஸ் மக்கள் கட்சிக்காரர் என்றால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். அந்தக் கட்சிக்குப் பதில் சொல்ல இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், அதுவும் நல்ல ஜெர்மனில். இவர் எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து இறங்கி, 12 ஆண்டு முடிந்த கையோடு சிற்றிசன் எடுத்தவர். ஏறி வந்த ஏணியை மேலிருந்து உதைப்பவர்களை நாம் முன்பும் கண்டிருக்கிறோம். உதைப்பதை ஒழுக்கப் பிரசங்கமாகவும் ஆக்கியிருப்பதுதான் இவரிடம் புதிது.

வாதத்தின் சாரத்தை அவருக்கு நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். அரசின் சமூக உதவியை, நம் பேச்சில் சோசல் காசை, வாங்கியவர் இந்த நாட்டோடு இன்னும் ஒட்டவில்லை. தன் காலில் நிற்பதே நன்னடத்தையின் முதல் அடையாளம். நாங்கள் கோப்பை கழுவி முன்னேறினோம், இவர்களுக்கு ஏன் முடியாது? குடியுரிமை என்பது ஒட்டி வாழ்ந்து முடித்தவனுக்குக் கிடைக்கும் மகுடம். உண்மையாகவே முடியாதவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்துக்கு முந்திய 3 ஆண்டு சோசல் எடுத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சி விதி போதாது, பேர்ண் மாநிலத்தின் 10 ஆண்டு விதியை நாடு முழுவதும் விரிக்க வேண்டும்.

சட்டம் தளர்ந்து கிடக்கிறது என்ற தொனி கட்டுரை முழுவதும் ஓடுகிறது. எந்தச் சட்டம்? 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியுரிமைச் சட்டத்தின்படி, நிரந்தர வதிவிட அனுமதியான சி பெர்மிட் கையில் இல்லாதவர் விண்ணப்பப் படிவத்தையே தொட முடியாது. 10 ஆண்டு வசிப்பு வேண்டும். தேசிய மொழி ஒன்றைப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 மட்டத்தில் அறிந்திருக்க வேண்டும். அகதி விண்ணப்பம் விசாரணையில் கிடந்த ‘என்’ பெர்மிட் காலம் கணக்கிலேயே வராது. தற்காலிக அனுமதியான எஃப் பெர்மிட்டில் கழிந்த காலம் பாதியாகத்தான் எண்ணப்படும். பழைய சட்டத்தில் வசிப்பு 12 ஆண்டு, ஆனால் சி பெர்மிட் கட்டாயமில்லை. எஃப் பெர்மிட்டோடு எத்தனை தமிழர்கள் அப்போது விண்ணப்பித்தார்கள் என்று அந்தக் காலத்தில் மொழிபெயர்ப்புக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கட்டுரையாளர் நடந்து வந்த கதவு அது. அவருக்குப் பின்னால் அதைப் பாதி சாத்திவிட்டார்கள். மீதியையும் சாத்தச் சொல்கிறவர், திறந்திருந்த காலத்துக் கதையைச் சொல்லி இன்றைய பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்.

அடுத்து, தன் காலில் நிற்பது. இந்த நிபந்தனைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘பொருளாதார வாழ்வில் பங்கேற்பு’. கட்டுரையாளர் இதை உழைப்பு என்று வாசித்துவிட்டு, உழைப்பின் மேன்மை பற்றி மூன்று பத்தி எழுதிவிட்டார். குடியுரிமை ஆணையின் 7ஆம் பிரிவை அவர் திறந்து பார்த்திருந்தால் அந்த மூன்று பத்தியும் மிச்சம். விண்ணப்பதாரர் தன் வாழ்க்கைச் செலவை வருமானத்தாலோ, சொத்தாலோ, சட்டப்படி தனக்கு உரித்தான பிறர் கொடுப்பனவாலோ ஈடுசெய்தால் போதும் என்கிறது அந்தப் பிரிவு. சொத்து! பாட்டன் விட்டுப்போன பணத்தை வங்கியில் போட்டுவிட்டு ஒருநாளும் வேலை செய்யாதவர் பொருளாதார வாழ்வில் பங்கேற்றவர். ஒரு முதியோர் இல்லத்தில் 60 வீத வேலை செய்து, மிச்ச நேரத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்து, வாடகைக்குத் துண்டு விழுந்ததால் சோசலுக்குப் போன பெண் பங்கேற்காதவர். இது உழைப்பை அளக்கும் கோல் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டுப் போவேன். ஒழுக்கத்தை அளக்கும் கோல் என்று சொல்லும்போதுதான் எரிகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் பெரும் பணக்கார வெளிநாட்டவர்களுக்கென்று ஒரு வரி ஏற்பாடு உண்டு. வருமானத்தைப் பார்க்காமல் வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டு மொத்தமாக ஒரு வரி. சூரிச் மாநில மக்கள் 2009இல் தங்கள் மாநிலத்தில் அதை ஒழித்தார்கள். நாடு முழுவதும் ஒழிக்கும் யோசனை 2014 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. அந்தச் சலுகையைப் பெற என்ன நிபந்தனை தெரியுமா? அந்த நபர் சுவிஸில் தொழில் செய்யக் கூடாது. வேலை செய்யாமல் இருப்பதுதான் தகுதி! சுவிஸ் பாஸ்போட் எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் அவர்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை, அது வேறு கதை. ஏழை வேலையில்லாமல் இருந்தால் அது குணக்கேடு, கோடீஸ்வரன் வேலையில்லாமல் இருந்தால் அது ஒப்பந்தம். ‘சோம்பேறிகள்’ என்று நான்கு இடத்தில் எழுதிய கட்டுரையாளர், லெமான் ஏரிக்கரை வில்லாக்களின் பக்கம் ஒரு பார்வைகூட எறியவில்லை.

இனி அந்தக் கோப்பை கழுவிய புராணம். கழுவினோம், மறுப்பில்லை. பேர்ணிலும் சூரிச்சிலும் உணவகச் சமையலறைகளின் பின்கதவால் நுழைந்த முதல் தலைமுறை அது. ஆனால் அந்த வேலைக்குப் போகுமுன் என்ன நடந்தது? அகதி விண்ணப்பம் கொடுத்தவருக்கு முதல் மாதங்களில் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த மாதங்களில் கூரையும் சோறும் கைச்செலவுக் காசும் எங்கிருந்து வந்தன? வற்றாப்பளை அம்மன் அனுப்பவில்லை. சமூக உதவியிலிருந்து வந்தது. சோசலில் கை வைக்காமல் முன்னேறிய தமிழர் தலைமுறை என்று ஒன்று இந்த மண்ணில் வந்து இறங்கவே இல்லை. அந்தக் காலத்தில் சுவிஸ் பத்திரிகைகள் நம்மை எப்படி எழுதின என்பதையும் அவர் மறந்திருக்க மாட்டார்: ரயில் நிலையங்களில் தோல் ஜாக்கெட்டோடு கூட்டமாக நிற்பவர்கள், போதைப்பொருள் விற்பவர்கள், அரசுப் பணத்தில் வாழ்பவர்கள். அன்று நம்மைப் பற்றிச் சொன்னதை இன்று அவர் எரித்திரியர்களைப் பற்றியும் சோமாலியர்களைப் பற்றியும் சொல்கிறார். வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

இன்றைய சமையலறைக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் முன்னேற்றம் என்பது அவருக்கு மனோதிடத்தின் விஷயமாகத் தெரிகிறது. உணவகத் தொழிலுக்கான கூட்டு ஒப்பந்தப்படி, தொழிற்பயிற்சி இல்லாதவரின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,700 பிராங்கை ஒட்டி நிற்கிறது, கழிவுகளுக்கு முன். அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஒவ்வொருவருக்கும் கட்டாயம். வளர்ந்தவர் ஒருவரின் சராசரி மாதப் பிரீமியம் 400 பிராங்கைத் தாண்டிவிட்டது. மாநிலம் கொடுக்கும் பிரீமியக் கழிவு கொஞ்சம் தாங்கும், அது சோசல் கணக்கில் சேராது என்பதும் உண்மை. அப்படியும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளை, ஒரு சம்பளம் என்றால் வாடகை கொடுத்த பிறகு என்ன மிஞ்சும்? ஏதோ ஒரு மாதம் பிரீமியம் தவறும். காப்புறுதி நிறுவனம் நினைவூட்டல் அனுப்பும், பிறகு கடன் அறவிடும் அலுவலகத்துக்கு எழுதும். பெட்ரைபுங் என்று நம்மவர்கள் நடுங்கும் அந்தப் பதிவு அங்கேதான் பிறக்கிறது.

அந்தப் பதிவைப் பற்றி வாசகர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சுவிஸில் யார் வேண்டுமானாலும் யார் மீதும் பெட்ரைபுங் போடலாம். கடன் உண்மையில் இருக்கிறதா என்று அந்த அலுவலகம் விசாரிக்காது. படிவமும் கட்டணமும் கொடுத்தால் போதும், பத்து நாளுக்குள் ஆட்சேபம் சொல்வது பெற்றவர் பாடு. ஆட்சேபம் சொன்னாலும் பதிவு உடனே மறையாது. வீட்டுக்காரனோடு சண்டை, பழைய கைபேசி ஒப்பந்தத்தில் தகராறு, எதுவும் அங்கே போய் உட்காரலாம். குடியுரிமை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய காகிதங்களில் அந்தப் பதிவேட்டின் நகலும் ஒன்று. பல ஊர்களில் அதிகாரிகள் முதலில் புரட்டுவதே அதைத்தான். ஒருவரின் நன்னடத்தைக்கு, அவரோடு பகையுள்ள ஒருவர் கட்டணம் கட்டிக் கரும்புள்ளி குத்தலாம். கட்டுரையாளரின் ‘தெளிவான, பாரபட்சமற்ற அளவுகோல்’ இதுதான்.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் பேர்ண் மாநிலத்தில் இருப்பவர்கள், இருவருக்கும் சலவை, துப்புரவு வேலை. இருவரின் வீட்டிலும் ஒரே காலத்தில் ஒரே துன்பம்: கணவனின் சம்பளம் நின்றுபோனது. ஒருவருக்குக் கணவன் முதுகுச் சத்திரசிகிச்சையில் படுத்தார், மற்றவருக்குக் கணவன் விட்டுவிட்டுப் போனார். முதலாமவர் பிள்ளைகளைப் பட்டினி போட மனமில்லாமல் சோசலுக்குப் போனார். கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தார், வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினார், வேலை தேடிய கடிதங்களின் பிரதியை மாதாமாதம் ஒப்படைத்தார். மற்றவர் போகவில்லை. தாலிக்கொடி தவிர மிச்ச நகையெல்லாம் அடகுக்குப் போனது. இரண்டு சீட்டைத் தள்ளுபடிக்கு எடுத்தார். சீட்டுக் காசைக் கட்ட ஊரவர் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கினார், அந்த வட்டியைக் கட்ட இன்னொருவரிடம். அவருடைய விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவிக்குப் போயிருந்தபோது, வருமானமும் கடனும் எழுதும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, சீட்டுக் காசை இதிலை எங்கை எழுதிறது?”

எங்கும் எழுத வேண்டியதில்லை, அக்கா. சீட்டும் கைமாற்றும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காகிதத்தில் நீங்கள் கடனில்லாதவர், சோசல் தொடாதவர், நன்னடத்தை உள்ளவர். சட்டம் கொடுத்த உதவியைச் சட்டப்படி கேட்டு, ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் காட்டியவர்தான் பேர்ண் மாநிலத்தில் வாங்கியதை முழுதாகத் திருப்பிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்த விதி நேர்மையைத் தண்டிக்கிறது, ஒளிவுமறைவுக்குப் பரிசு கொடுக்கிறது. நன்னடத்தையை வளர்க்கும் விதி என்று இதற்குப் பாராட்டுரை எழுதுவதற்கு ஒருவருக்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சோசல் கேட்க நம்மவர்களுக்குள்ள பயம் சும்மா வந்ததல்ல. 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டத் திருத்தத்துக்கு முன், 15 ஆண்டுக்கு மேல் இந்த நாட்டில் சட்டப்படி வசித்த சி பெர்மிட்காரரைச் சோசல் எடுத்தார் என்பதற்காக மட்டும் வெளியேற்ற முடியாது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. உலகின் மிகப் பணக்கார நகரங்களில் ஒன்றான ஜெனீவாவில், வெர்னே பனிச்சறுக்கு அரங்கின் வாசலில் அரிசியும் பாஸ்தாவும் எண்ணெயும் போட்ட பைக்காக 2020 மே மாதம் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். வரிசை ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது. நின்றவர்களில் பலருக்குப் பெர்மிட்டே இல்லை. பெர்மிட் வைத்திருந்தவர்களும் நின்றார்கள், சட்டப்படி சோசல் கேட்கலாம் என்று தெரிந்தும். கேட்டால் பெர்மிட்டுக்கு என்ன ஆகும் என்ற பயம். சமூக ஜனநாயகக் கட்சியின் சமிரா மார்த்தி, வறுமை குற்றமல்ல என்ற பெயரிலேயே நாடாளுமன்றத்தில் ஒரு முன்மொழிவு கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படி ஒரு பெயரை வைக்க வேண்டிய நாட்டில், அது குற்றம்தான் என்று எழுதுவதற்கு நம்மிலிருந்து ஒருவர்.

விலக்குகள் இருக்கின்றனவே என்கிறார். இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள், நீண்ட நோயாளிகள், வேலை செய்தும் வறுமையில் இருப்பவர்கள், பராமரிப்புப் பொறுப்புள்ளவர்கள், முதல் தொழிற்கல்வியில் இருப்பவர்கள் ஆகியோரின் நிலையைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று ஆணையின் 9ஆம் பிரிவு சொல்கிறது. கட்டுரையாளர் இந்தப் பிரிவைக் காட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவில்லை. சூரிச் மாநிலத்தில் மனவளர்ச்சிக் குறைபாடுள்ள ஓர் இளம்பெண்ணுக்கு, தன் செலவைத் தானே ஈடுசெய்ய முடியவில்லை என்ற காரணம் காட்டிக் குடியுரிமை மறுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் மறுத்தார்கள், மாநில நீதிமன்றமும் கைவிட்டது. அது பாகுபாடு என்று சொல்ல லொசானில் இருக்கும் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2008 டிசம்பரில். சம்பாதிக்க முடியாத உடம்பையும் மனத்தையும் கொண்ட ஒரு பெண்ணைப் பார்த்து ‘நீ சம்பாதிக்கவில்லை’ என்று சொல்வது தவறு என்பதற்கே உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டால், வேலை செய்தும் போதாமல் நிற்கிற ஒரு துப்புரவுத் தொழிலாளி தன் வறுமைக்குத் தான் காரணமல்ல என்று யாரிடம் போய் நிரூபிப்பார்? வழக்கறிஞருக்கு யார் காசு கொடுப்பது? அதற்கும் சீட்டுப் பிடிப்பதா?

பேர்ணின் 10 ஆண்டு விதியின் பிறப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அதை நிபுணர்கள் கூடி யோசித்துக் கண்டுபிடித்த மருந்து போல எழுதியிருக்கிறார். மக்கள் கட்சியின் இளைஞர் அணி கொண்டுவந்த முன்னெடுப்பு அது. 2013 நவம்பர் 24இல் 55.8 வீத வாக்கில் நிறைவேறி, மாநில அரசியலமைப்புக்குள் போய் உட்கார்ந்தது. அதன் தலைப்பு, குற்றவாளிகளுக்கும் சமூக உதவி பெறுவோருக்கும் குடியுரிமை கிடையாது என்பது. இரு தரப்பும் ஒரே மூச்சில், ஒரே வரியில். கொலைகாரனும் கணவன் நோயில் படுத்த சலவைக்காரியும் ஒரே அடைப்புக்குள். அந்தத் தலைப்பின் நோக்கமே அந்தக் கலப்புத்தான். கட்டுரையாளர் அதே கலப்பைத் தமிழில் செய்திருக்கிறார். கடைசிப் பகுதியில் வருமானத்திலிருந்து திருட்டுக்கும், திருட்டிலிருந்து வேக வரம்பு மீறலுக்கும், அங்கிருந்து திரும்பவும் சோசலுக்கும் ஒரே பத்தியில் வந்துவிடுகிறார். குற்றத்துக்குத் தனி விதி ஏற்கெனவே இருக்கிறது. குற்றப் பதிவேடு பார்க்கப்படும், வழக்கு நடந்துகொண்டிருந்தால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும். அதில் எனக்குச் சண்டையில்லை. வறுமையை அந்தப் பட்டியலில் கொண்டுபோய்ச் செருகுவதோடுதான் சண்டை.

ஒருவரின் குணத்தை அவரோடு வாழும் ஊரவர்களே அறிவார்கள், அவர்கள் கையில் விடுவதே ஜனநாயகம் என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். எம்மெனை அவர் மறந்துவிட்டார் போலும். லூசேர்ன் மாநிலத்தின் அந்த ஊரில் 2000 மார்ச்சில் 23 விண்ணப்பங்களை வாக்குப் பெட்டிக்கு அனுப்பினார்கள். விண்ணப்பித்தவர்களின் படம், வேலை, வரி விபரம், பொழுதுபோக்கு எல்லாம் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தார்கள். 56 பேரில் 8 பேர் தேறினார்கள். எட்டுப் பேரும் இத்தாலியர். முன்னாள் யூகோஸ்லாவியக்காரர்கள் ஒருவர்கூடத் தேறவில்லை. அத்தனை பால்கன்காரருக்கும் ஒரே நாளில் குணம் கெட்டுப்போய்விட்டதா? 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வாக்குப் பெட்டி முறை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது என்றது. பிறகு ஊர்கள் வாக்கெடுப்பை விட்டுப் பிரதிநிதிகள் முடிவெடுக்கும் முறைக்கு மாறியபோது என்ன நடந்தது என்று ஜென்ஸ் ஹைன்முல்லர், டொமினிக் ஹங்கார்ட்னர் என்ற ஆய்வாளர்கள் சுமார் 1,400 ஊர்களின் தரவைக் கொண்டு பார்த்தார்கள். குடியுரிமை கிடைக்கும் வீதம் ஏறத்தாழ 60 வீதம் கூடியிருந்தது. அதே விண்ணப்பதாரர்கள், அதே குணம். காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றவுடன் ஊராருக்கு அவர்களுடைய குணம் நல்லதாகத் தெரிந்திருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகும் கோமாளித்தனம் ஓயவில்லை. ஆர்காவ் மாநிலத்தில் பசுக்களின் கழுத்து மணிச் சத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு பெண்ணை ஊர்ச்சபை நிராகரித்தது. ஷ்வீட்ஸ் மாநிலத்தின் ஆர்த் ஊரில், முப்பது ஆண்டு வாழ்ந்து தொழில் நடத்திய ஓர் இத்தாலியரை, பக்கத்து விலங்குக் காட்சிச்சாலையில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது தெரியவில்லை என்பதையும் ஒரு குறையாக்கி மறுத்தார்கள். அதையும் லொசான்தான் திருத்த வேண்டியிருந்தது. இதையெல்லாம் கிண்டல் செய்து ‘சுவிஸ்காரராக்குவோர்’ என்று 1978இலேயே ரோல்ஃப் லிஸ்ஸி ஒரு படம் எடுத்தார். சுவிஸ்காரர்களே திரையரங்குகளில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்துச் சிரித்தார்கள். நம் கட்டுரையாளர் மட்டும் அதிகாரியின் பக்கம் நின்று தலையாட்டுகிறார்.

மகுடம் என்ற வாதத்துக்கு வருகிறேன். அவருடைய வாதங்களில் கௌரவமானது அதுதான்: ஒட்டி வாழ்ந்து, சம்பாதித்துக் காட்டிய பிறகே குடியுரிமை, முன்கூட்டிக் கொடுத்தால் முயற்சி செய்யும் ஊக்கம் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க உலகத்திலேயே வசதியான இடம், எம்மென் போன்ற ஊர்களின் வாக்கெடுப்புப் பதிவுகள்தான். ஒரு சில வாக்கில் தேறியவர்களுக்கும் ஒரு சில வாக்கில் தோற்றவர்களுக்கும் குணத்திலோ தகுதியிலோ பெரிய வேறுபாடு இருக்க முடியாது. வேறுபாடு பாஸ்போட் மட்டும். அதே ஆய்வாளர்கள் இந்த இரு குழுவையும் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். தேறியவர்கள் பிற்காலத்தில் அரசியலிலும் சமூக வாழ்விலும் கூடுதலாக ஒட்டியிருந்தார்கள். 2019இல் வெளியான ஆய்வின்படி அவர்களின் ஆண்டு வருமானம் சராசரியாக 5,000 அமெரிக்க டாலர் அளவுக்குக் கூடியிருந்தது. அதிகம் கூடியது யாருக்கு? மிகக் குறைந்த சம்பளத்தில் இருந்தவர்களுக்கும், சமூகத்தின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட குழுக்களுக்கும். சோசல் பக்கம் போகாமல் இருக்க வைக்கும் வழி எதுவோ, அதைச் சோசல் பக்கம் போனவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார்.

2018 சட்டம் செய்த வேலையும் கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டாட்சிக் குடியேற்ற ஆணைக்குழுவுக்காகச் செய்த ஆய்வில், புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களில் உயர்கல்வி பெற்றவர்களின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதிக்கு மேல் போயிருந்தது. கட்டாயப் பள்ளிக் கல்வி மட்டும் உள்ளவர்களின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. எண்பதுகளில் வந்து கோப்பை கழுவிய நம் தலைமுறை, இன்றைய வரிசையில் நின்றால் இரண்டாவது கூட்டத்தில்தான் நிற்கும். கட்டுரையாளரும் அங்கேதான்.

இனிச் சொல்லப்போவதுதான் இதை எழுத வைத்தது. கட்டுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், தமிழரசுக் கட்சிப் பாரம்பரியத்தில் வந்ததாகச் சொல்லிக்கொள்பவர். இலங்கையின் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தை அவர் அறிந்திருக்க வேண்டும்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழர்களை 1948 சட்டத்தால் நாடற்றவராக்கிவிட்டு, வேண்டுமானால் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுங்கள் என்று வைத்த பொறி அது. 1946 ஜனவரி 1க்கு முந்திய இடைவிடாத வசிப்பு, திருமணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு. அதோடு இன்னொரு நிபந்தனை: தன்னையும் தன்னைச் சார்ந்தவர்களையும் காப்பாற்றப் போதிய, உறுதியான வருமானமோ தகுந்த தொழிலோ இருக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து கிள்ளி அந்த நாட்டுக்கே வருமானம் தேடித் தந்தவர்களிடம், உனக்கு வருமானம் இருக்கிறதா என்று கேட்டார்கள். 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கதை எங்கே முடிந்தது என்பதற்கு 1964 அக்டோபரின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தமே சாட்சி. அப்போதும் 9,75,000 பேர் நாடற்றவர்களாக இருந்தார்கள். 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்துவிட்டு, மிச்ச 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தார்கள்.

ஜி.ஜி. பொன்னம்பலம் 1949 சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து போனார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு முதற்காரணம் இந்தச் சட்டங்கள்தான். தோட்டத் தொழிலாளியின் குடியுரிமையை நிபந்தனைகளால் அரித்தெடுப்பது அநியாயம் என்ற நிலையிலிருந்துதான் கட்டுரையாளரின் கட்சி தன் வரலாற்றைத் தொடங்குகிறது.

அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் உரிமையைப் பறித்தார்கள், இங்கே வந்தவர்கள் புதிதாகக் கேட்கிறார்கள், இரண்டும் ஒன்றா என்று அவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். சுவிஸில் பிறந்த பிள்ளையும் பிறப்பால் குடிமகன் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பாலர் பாடசாலை போய், பேர்ண் ஜெர்மனைத் தாய்மொழி போலப் பேசும் பதினெட்டு வயதுப் பிள்ளையும் அந்த அலுவலகத்தில் போய் நின்று தன் பொருளாதாரப் பங்கேற்பையோ கல்வியையோ நிரூபிக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைக்காவது பாதையை எளிதாக்கலாமா என்பதற்கே 2017 பிப்ரவரியில் நாடு தழுவிய வாக்கெடுப்பு தேவைப்பட்டது. அதற்கு எதிரான சுவரொட்டியில் முகத்தை மூடிய பர்தாப் பெண்ணைப் போட்டார்கள். அந்த வாக்கெடுப்பில் 60 வீதத்துக்கு மேற்பட்ட சுவிஸ்காரர்கள் ஆம் என்றார்கள். கட்டுரையாளர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று கேட்க மாட்டேன், வாக்கு இரகசியம்.

1949இல் அந்த நிபந்தனை அநியாயம், சுவிஸில் அது ஒழுங்கு என்பதுதான் அவருடைய நிலைப்பாடு என்றால், இடையில் மாறியது என்ன என்று அடுத்த கட்டுரையில் எழுதட்டும். அவர் கைக்குப் பாஸ்போட் வந்தது தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.